நிறைந்த பேட்டரியும் நம்மூர் வெக்கையும்

கோலாலம்பூரில் கோடை என்றும் குளிர்காலம் என்றும் தனியாக எதுவும் கிடையாது. ஆண்டு முழுவதும் பிற்பகலில் 32, 33 டிகிரி வெயில். விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. லேப்டாப் பேட்டரியைப் பற்றி நம் காதில் விழும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. "முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்", "நூறு ஆனதும் பிளக்கை எடுத்துடணும்", "ராத்திரி முழுக்க விட்டா வெடிச்சுடும்" என்று வாய்க்கு வாய் மாறி வருகின்றன. இவற்றில் சில, வேறொரு வகை பேட்டரிக்காகச் சொல்லப்பட்டவை. சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது. பேட்டரி முழுக்க நிரம்பியிருப்பது, சூடாக இருப்பது, இந்த இரண்டும் சேர்ந்து நாள்கணக்கில் நீடிப்பதுதான் நம்மூர் லேப்டாப்களின் ஆயுளைக் குறைக்கிறது. மற்ற பழக்கங்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கோவிட் பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இல்லிருப்புக் கற்றல், பெற்றோருக்கு வீட்டிலிருந்து வேலை. அதுவரை லேப்டாப்பே இல்லாத வீடுகளில்கூட ஒன்று வாங்கினார்கள்; சில வீடுகளில் இரண்டு. செந்தூலிலும் கெப்போங்கிலும் அடுக்குமாடி வீடுகளின் சாப்பாட்டு மேசையில் அவை நாள் முழுக்கச் சார்ஜரோடு கிடந்தன. தலைக்கு மேல் மின்விசிறி, ஏர்கோன் படுக்கையறையில் மட்டும், பேட்டரி எப்போதும் நூறு விழுக்காட்டில். ஓரிரு ஆண்டு கழித்து, பிளக்கை எடுத்தால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது என்ற புலம்பல் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் கேட்டது. சிலருக்கு டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பொருள் மட்டம் என்று பழி போட்டார்கள். பல வேளைகளில் பொருளில் குறை இருந்திருக்காது. அந்த பேட்டரி, தனக்கு மிகவும் ஒவ்வாத நிலையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

ஏன் ஒவ்வாத நிலை என்பதைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். லித்தியம் அயனி பேட்டரியில் இரண்டு மின்முனைகள். ஒன்று, கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. மற்றொன்று கிராஃபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவிலுள்ள மின்பகு திரவத்தின் வழியே போய் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்ததுதான் திருப்புமுனை. அந்தப் பொருள் ஏறக்குறைய 4 வோல்ட் கொடுத்தது. 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ அதைக் கார்பன் பொருளாலான மறுமுனையோடு சேர்த்து, பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1991இல் சோனி விற்பனைக்கு விட்டது. குட்இனஃபுக்கும் யோஷினோவுக்கும், அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை சிறிய பெட்டிக்குள் இத்தனை ஆற்றல் அடங்கியதற்குக் காரணம் அந்த உயர்ந்த வோல்ட்டேஜ். இன்றைய தலைவலிக்கும் அதுவே காரணம். பேட்டரிக்குள் இருக்கும் வழக்கமான ஒரு செல் முழுக்க நிரம்பும்போது 4.2 வோல்ட்டைத் தொடுகிறது. புதிய செல்கள் சில அதற்கும் மேலே போகின்றன. அந்த உயரத்தில் ஆக்சைடு முனையை ஒட்டிய திரவம் மெல்லச் சிதைகிறது. வாயு உருவாகிறது. பேட்டரி உப்புவது இதனால்தான். மறுபக்கம், கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது இல்லாவிட்டால் பேட்டரியே இயங்காது. ஆனால் அந்தப் படலம் நாளாக நாளாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கத் தேவையான லித்தியத்தை பேட்டரியின் கையிருப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. படலத்துக்குள் போன லித்தியம் மறுபடி மின்சாரம் சுமக்க வராது. நாம் "பேட்டரி வீக்காயிடுச்சு" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த இழப்புதான்.

இரண்டுமே வேதிவினைகள். வெப்பம் ஏற ஏற வேகமெடுக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளத்தில், பயன்படுத்தாமல் எடுத்துவைத்த பேட்டரிகளைப் பற்றிய அட்டவணை ஒன்று உண்டு. 40 விழுக்காடு சார்ஜில் 25 டிகிரியில் ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் 96 விழுக்காடு மிஞ்சுகிறது. அதே 25 டிகிரியில் நூறு விழுக்காடு சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது 80. வெப்பத்தை 40 டிகிரிக்கு உயர்த்தினால் முதல் பேட்டரிக்கு 85, இரண்டாவதற்கு 65. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. செல்லின் வகையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும் என்பது உண்மைதான். ஆனால் போக்கு மாறாது.

இந்த அட்டவணையை நம்மூர் மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். 25 டிகிரி என்பது ஏர்கோன் போட்ட அறை. நம் கூடத்தின் சாதாரண வெப்பமே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. லேப்டாப் ஓடும்போது அதன் உள்ளே இன்னும் பல டிகிரி கூடும். பேட்டரி கிடப்பது பெரும்பாலும் நம் மணிக்கட்டுக்கு நேர் கீழே, புரோசசருக்குப் பக்கத்தில். அட்டவணையின் 40 டிகிரி வரிசை வேறு யாருக்கோ எழுதப்பட்டதாகத் தோன்றலாம். பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் அந்த வரிசையை நெருங்கித்தான் நிற்கிறது.

இனி அந்தப் பழைய அறிவுரைகளுக்கு வருவோம். முழுக்க இறங்கிய பிறகு ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பேச்சு. பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால் அவற்றின் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகும் ஒரு குணம் இருந்தது. இன்றைய லேப்டாப்பில் அந்தக் கவலைக்கு இடமில்லை. இங்கே அந்தப் பழக்கம் கெடுதல்தான் செய்யும். பேட்டரியின் சுழற்சி என்று கணக்கிடுவது நூறு விழுக்காடு அளவுக்கான மொத்தப் பயன்பாட்டை. இன்று 50, நாளை 50 என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. அடிக்கடி பிளக்கைச் செருகுவதால் கணக்கு ஏறிவிடாது. ஒவ்வொரு முறையும் அடிமட்டம்வரை இறக்கி ஏற்றுவதைவிட, நடுப்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குவதே பேட்டரிக்கு இதம். ஆப்பிள் தன் மேக்புக் பேட்டரிகளை 1,000 சுழற்சிக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைப்பதாகச் சொல்கிறது. விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் 300 முதல் 500 சுழற்சிதான் எதிர்பார்க்கலாம்.

"தம்பி, பிளக்கை எடுத்துட்டுப் படு" என்று இரவில் அம்மா சொல்வதும், "அது தானா நின்னுடும்மா" என்று மகன் படுக்கையிலிருந்தே பதில் சொல்வதும் பல வீடுகளில் நடப்பது. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நூறு ஆனதும் கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். அதன் பிறகு லேப்டாப் நேராகச் சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி ஏறுவது என்பது இல்லை. மகன் சரி. ஆனால் சார்ஜ் நின்றாலும் செல் அந்த 4.2 வோல்ட் உயரத்திலேயே மணிக்கணக்கில் நிற்கிறது. படலம் தடிப்பதும் திரவம் சிதைவதும் நிற்கவில்லை. அம்மாவின் கவலையிலும் நியாயம் உண்டு. இருவரையும் சமாதானப்படுத்த ஒரே வழிதான் இருக்கிறது. பிளக் இருக்கட்டும், நூறு வேண்டாம்.

80 விழுக்காட்டில் நிறுத்துவதுதான் அந்த வழி. இதற்கு இரவில் எழுந்து பிளக்கை எடுக்க வேண்டியதில்லை. இப்போது வரும் லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் அதற்கான அமைப்பு உண்டு. லெனோவோவில் வேன்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட். அசூஸில் மைஅசூஸ் செயலிக்குள் பேட்டரி கேர். எச்பியின் அலுவலக வகை லேப்டாப்களில், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பகுதியில் பேட்டரி ஹெல்த் மேனேஜர். டெல்லில் பயாஸிலேயே தொடக்க எல்லையையும் நிறுத்த எல்லையையும் நாமே எண்ணாகக் குறிக்கலாம். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸில் 50 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பும் இருக்கிறது. எப்போதும் பிளக்கில் இருக்கும் கருவிகளுக்காகச் செய்தது அது. மேக்புக்கில் நம் வழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 80ஐத் தாண்டுவதைத் தள்ளிப்போடும் ஏற்பாடு உண்டு. தினமும் ஒரே நேரத்தில் வேலை செய்பவருக்கு அது நன்றாக உதவும். ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும், நேரம் காலம் இல்லாமல் படிக்கும் மாணவருக்கும் அவ்வளவு நம்பகமாக இருக்காது.

இருபது விழுக்காட்டை இழக்கிறோமே என்று சிலர் தயங்குவார்கள். செல்லின் உச்ச வோல்ட்டேஜை 0.1 வோல்ட் குறைத்தால் சுழற்சி ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பேட்டரி யுனிவர்சிட்டி கணக்குச் சொல்கிறது. மேசையிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு அந்த இருபது விழுக்காடு எதற்கும் பயன்படுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கான விலையை மட்டும் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் ஏறும் நாளில், கிளம்புவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு எல்லையை எடுத்துவிட்டு நூறுவரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றி உடனே செலவழித்தால் பாதிப்பு மிகச் சிறியது. நூறைத் தொடுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அங்கேயே நாட்கணக்கில் நிற்க விடுவதுதான் கூடாது.

20க்கும் 80க்கும் நடுவிலேயே எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று சிலர் நாள் முழுக்கப் பிளக்கைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இருக்கிறார்கள். அவ்வளவு பாடு தேவையில்லை. மேல் எல்லையைப் பார்த்துக்கொண்டால் போதும். கீழ் எல்லையில் ஒரே ஒரு ஆபத்துதான் உண்மையிலேயே பெரியது. காலியான பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் போட்டுவைப்பது. தானாகக் கசிந்து வோல்ட்டேஜ் மேலும் இறங்கினால் உள்ளே மின்முனையைத் தாங்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் செய்யப் பார்த்தால் பாதுகாப்புச் சுற்று மறுத்துவிடும். நீண்ட பள்ளி விடுமுறையில் ஒரு லேப்டாப்பை எடுத்துவைப்பதாக இருந்தால், பாதி சார்ஜில் முழுக்க அணைத்து வையுங்கள். மூடிவைத்தால் மட்டும் போதாது. 32 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிவரை ஏற்றச் சொல்கிறது ஆப்பிள். பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் மாடியறை நம்மூரில் 32ஐத் தாண்டிவிடும். வீட்டிலேயே தணிவான இடம், பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வெயில் படாத அலமாரி, அதற்குப் பொருத்தம்.

சூட்டைக் குறைக்கும் பழக்கங்களில் எனக்கு முதலிடத்தில் தோன்றுவது மெத்தையை விடுவது. மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. சில நிமிடத்தில் விசிறி இரைவது கேட்கும். அந்தச் சூடு முழுவதும் பேட்டரிக்கும் போகிறது. ஒரு பலகையோ தடிமனான தட்டோ கீழே இருந்தாலே பெரிய வேறுபாடு. அடுத்தது கார். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பத்துமலைக்கோ மஸ்ஜிட் இந்தியாவுக்கோ போய் இறங்கும்போது லேப்டாப் பையைப் பின்னிருக்கையில் விட்டுப்போவது, திருட்டுப் பயத்தை ஒதுக்கி வைத்தாலும், பேட்டரிக்குக் கேடு. அதிலும் நூறு சார்ஜோடு விட்டால் அட்டவணையின் மிக மோசமான மூலைக்கே அதை அனுப்புகிறோம். வெயிலில் இருந்து எடுத்து வந்த லேப்டாப்பை உடனே பிளக்கில் போடாமல், கொஞ்சம் ஆறவிட்டுச் சார்ஜ் செய்வதும் நல்லது. சார்ஜ் ஏறுவதே சூட்டை உண்டாக்கும் வேலை.

நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தால், படுக்கையறையில் ஏர்கோன் ஓடும் இரவுதான் சார்ஜ் செய்ய ஏற்ற நேரம், 80 எல்லை போட்டிருக்கும்பட்சத்தில். கேம் விளையாடுபவர்கள், வீடியோ வெட்டுபவர்கள் ஆகியோரின் லேப்டாப்கள் தனி வகை. உச்ச வேலையின்போது சூடு மிகுதி. சில மாடல்களில் சார்ஜர் போதாமல் பேட்டரியிலிருந்தும் மின்சாரம் இழுக்கப்படும். அவர்கள் பிளக்கிலேயே வேலை செய்யட்டும். எல்லையை 60 என்று வைக்க வழி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளட்டும். விரைவு சார்ஜ் வசதியும் அவசரத்துக்கு மட்டும்தான். சிறிய செல்களுக்குள் மிகுந்த மின்னோட்டத்தைத் தள்ளும்போது சூடும் தேய்மானமும் கூடுகின்றன. குளிர்நாட்டார் படும் ஒரு தொல்லை மட்டும் நமக்கு இல்லை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கிராஃபைட்டுக்குள் புகாமல் லித்தியம் உலோகமாகவே மேலே படியும். அது மிக ஆபத்தானது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் மிகுந்த பகுதி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் ஆனால் வானம் இருண்டுவிடும். மின்னல் நெருங்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். இணைய வயர் செருகியிருந்தால் அதையும். 80 விழுக்காடு சார்ஜ் ஒரு சராசரி மழையைத் தாண்டத் தாராளமாகப் போதும். சார்ஜர் மாற்ற நேர்ந்தால் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளைக்குப் பின் ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்: powercfg /batteryreport. அதில் வடிவமைப்புக் கொள்ளளவு என்று ஓர் எண்ணும், இப்போதைய முழுக் கொள்ளளவு என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியிலேயே இருக்கிறது. 30 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்தால், அளவுகாட்டி கணக்குத் தவறியிருக்கலாம். அப்போது ஒருமுறை நூறுவரை ஏற்றி, தானாக அணையும்வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் எண் சரியாகும். முழுக்க இறக்குவதற்கு இன்று மிஞ்சியிருக்கும் நியாயமான காரணம் இதுதான். பேட்டரி இதனால் வலுப்பெறாது. காட்டும் எண்தான் திருந்தும்.

பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் தூக்கியோ மூடி சரியாக மூடாமலோ இருந்தால், கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். அமுக்கிச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், குத்தி வாயுவை வெளியேற்றப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். பழகிய கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

மாற்று பேட்டரி வாங்கும்போதும் இதே வேதியியல்தான் வழிகாட்டி. புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவிலோ வேறெங்கோ வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி பிரிக்காதது என்பதாலேயே பேட்டரி புதியதாகிவிடாது. நான்கைந்து ஆண்டுக்கு முந்தைய மாடலுக்கான பேட்டரி, ஏர்கோன் இல்லாத ஒரு கிடங்கில் அத்தனை காலமும் காத்திருந்திருக்கக்கூடும். பயன்படுத்தாமலேயே தேய்வது எப்படி என்று மேலே பார்த்தோம். அதனால் விலையைக் கேட்பதற்கு முன், ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த தேதியைத் தேடுங்கள். சில நூறு ரிங்கிட் கொடுக்கப்போகிறோம். "அண்ணே, இது எப்பச் செஞ்சது, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பொருத்திய பிறகு அங்கேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். மலிவான போலிகள் அந்த எண்ணையே பொய்யாகக் காட்டுவதும் உண்டு. எனவே உத்தரவாதச் சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஒரு நாள் பிளக் இல்லாமல் வழக்கமான வேலையைச் செய்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். குறைந்தால் மாற்றிக் கேட்க உத்தரவாதம் கையில் இருக்கும்.